ஏழு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த டிரெய்லரை வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கனடாவில், ஒன்டாரியோவின் ஏஜாக்ஸில் வசிக்கிறோம். நான், கணவர், மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு கோடையிலும் சாண்ட்பாங்க்ஸ், அல்கோன்குவின் என்று மாகாணப் பூங்காக்களில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். இந்த வருடம், காரின் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே தங்கும் டிரெய்லர் ஒன்று வாங்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். லின்ட்சே பக்கம் ஒரு பண்ணையில் 2007ஆம் ஆண்டின் 24 அடி டிரெய்லர் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. உரிமையாளரின் மனைவி இறந்த பிறகு ஏழு வருடமாக அதை யாரும் தொடவில்லை. நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, களஞ்சியத்துக்குப் பின்னால் நிற்கிறது. 6,500 டாலர் கேட்கிறார். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கிறது. உள்ளே ஈர வாடை அடிக்கிறது. முன்பக்கக் கட்டிலுக்கு மேலே மூலையில் பழுப்புக் கறை, குளியலறை வாசலில் தரை கொஞ்சம் அமுங்குகிறது, இழுப்பறைகளில் எலிப்புழுக்கை. வீடு திருத்தும் வேலை செய்யும் என் தம்பியோடு சேர்ந்து ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்கிறார் கணவர். 300 டாலர் முற்பணமும் கொடுத்துவிட்டார். கடைசி மகனுக்கு ஆஸ்துமா உண்டு. எங்களிடம் இருப்பது 2017 டொயோட்டா ஹைலேண்டர். வாங்கலாமா?
— வாசகி, ஏஜாக்ஸ்

பதில்:

சகோதரி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த டிரெய்லரை வாங்க வேண்டாம். காரணம் இரண்டு. ஒன்று அதன் சுவருக்குள் இருக்கிறது, மற்றது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், உங்கள் கணவர் அடுத்த வாரமே வேறொரு களஞ்சியத்துக்குப் பின்னால் வேறொன்றைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நெடுங்காலம் கவனிப்பாரற்று நின்ற டிரெய்லரை எப்படிப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பதிலை அவரும் உங்கள் தம்பியும் படித்தால் நல்லது.

வருடக்கணக்கில் நின்ற டிரெய்லரில் கெட்டுப்போகும் பொருள்கள் இரண்டு வகை. கடையில் வாங்கி மாற்றக்கூடியவை ஒரு வகை: டயர், பேட்டரி, பேரிங், தண்ணீர்ப் பம்ப், ஏன், ஃபிரிட்ஜ்கூட. இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. கூட்டிக் கழித்துப் பேரம் பேசலாம். மற்ற வகை, மரச்சட்டமும் அதன்மேல் ஒட்டிய பலகையும். அவை உளுத்துவிட்டால் பேரம் பேசக் கணக்கே கிடையாது. பிரித்துப் பார்க்காமல் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். ஆகவே பார்க்கப் போகும் நாளில் முதல் ஒரு மணி நேரம் ஈரத்தைத் தவிர வேறெதையும் தேடக்கூடாது. பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பார்கள், மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள், திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று பேசத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் ‘நீலத் தார்ப்பாய்’ என்று படித்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. கூரை நன்றாக இருக்கும்போது யாரும் தார்ப்பாய் வாங்கிக் கட்டுவதில்லை. அநேகமாக ஒழுகத் தொடங்கிய பிறகுதான் கட்டியிருப்பார். அந்தப் பெரியவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. மனைவி போன பிறகு அதற்குள் ஏறிப் பார்க்கவே அவருக்கு மனம் வந்திருக்காது. ஆனால் தார்ப்பாய் கூரையைக் காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம். காற்றில் படபடவென்று அடித்து அடித்து, கூரைமேல் ஒட்டியிருக்கும் ரப்பர்ப் படலத்தைத் தேய்க்கும். ஏற்கெனவே உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். அதற்கு மேல் ஒன்டாரியோவின் ஏழு பனிக்காலங்கள். பகலில் உருகிய தண்ணீர் இடுக்கில் இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, அந்த இடுக்கை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்திருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு அடையாளங்களும் ஒரே ஒழுக்கின் விளைவல்ல என்று நினைக்கிறேன்.

முன்பக்கக் கட்டிலுக்கு மேலே மூலையில் கறை என்றால், பெரும்பாலும் மூலைகளை மூடியிருக்கும் அலுமினியப் பட்டைதான் காரணம். அந்தப் பட்டையை வரிசையாக ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அவை தெரியாமலிருக்க மேலே ஒரு வினைல் நாடாவைச் செருகியிருப்பார்கள். வெயிலில் அந்த நாடா சுருங்கும். பட்டைக்கு அடியிலுள்ள புட்டி காய்ந்து வெடிக்கும். தண்ணீர் ஸ்க்ரூவோடு ஸ்க்ரூவாக உள்ளே இறங்கும். வெளியே நின்று பார்த்தால் ஸ்க்ரூ தலைகளிலிருந்து துரு கோடாக வழிந்திருப்பது தெரியும். முன்னெற்றியில் இருக்கும் சின்ன விளக்குகளின் அடியிலும் இதே கதைதான். உள்ளே கறை தெரிவது இந்தக் கதையின் கடைசி அத்தியாயம். சுவர்க் காகிதம் ஒட்டிய மெல்லிய பலகை நனைந்து நிறம் மாறுவதற்கு முன்பே, அதன் பின்னாலுள்ள சட்டமும் குளிர் தாங்கும் பஞ்சும் பலமுறை ஊறி முடித்திருக்கும்.

குளியலறை வாசலில் தரை அமுங்குவது வேறு. ஏழு வருடமாகத் தண்ணீர் இணைப்பே இல்லை என்றால், குழாயில் மிஞ்சிய தண்ணீர் மட்டும் கசிந்து தரையை இந்த அளவுக்கு இற்றுப்போகச் செய்திருக்க முடியாது. அவர்கள் பயன்படுத்திய காலத்திலேயே கழிவறைக் கிண்ணத்தின் அடியிலோ ஷவர் மூலையிலோ கசிவு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குளியலறைக்கு மேலே கூரையிலிருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியாக மழை இறங்கியிருக்க வேண்டும். முதலாவதென்றால் சேதம் தரையோடு நின்றிருக்கக்கூடும். இரண்டாவதென்றால் கூரை, சுவர், தரை மூன்றுமே பாதிக்கப்பட்டிருக்கும்.

இதை எப்படிச் சோதிப்பது? கனேடியன் டயர் போன்ற கடைகளில் சின்ன ஈரமானி கிடைக்கிறது. இரண்டு ஊசிகள் உள்ள வகையை வாங்குங்கள். ஊசி இல்லாமல் மேலே வைத்துப் பார்க்கும் வகை, சுவருக்குப் பின்னால் உலோகம் இருந்தால் ஏமாறும். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் அந்த இடத்தில் இப்போதும் ஈரம் இருக்கிறது. ஊசி குத்திய தடம் தெரியுமாதலால் விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில் என்று கண்ணில் படாத இடங்களில் குத்துங்கள். எல்லா ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரைத் துவாரங்களைச் சுற்றி, மேல் அலமாரிகளின் உள்மூலை, கட்டில் பலகையைத் தூக்கினால் தெரியும் முன்சுவர் ஆகியவைதான் முக்கியம்.

மானியை மட்டும் நம்பிவிடாதீர்கள். கடுங்குளிரில் மரத்துக்குள் தண்ணீர் உறைந்திருக்கும்போது அது குறைத்துக் காட்டும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பார்த்தால், பழைய ஒழுக்கு காய்ந்துபோய், எண் நன்றாகவும் மரம் பொடியாகவும் இருக்கும். அதனால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மரம் தெரியும் இடங்களில் திருப்புளியின் நுனியை வைத்துத் தள்ளுங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்தது உள்வாங்கும். தரையில் செருப்பில்லாமல் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் குதிகாலை ஊன்றுங்கள். பார்க்கச் சிறந்த நாள் நல்ல மழைக்கு மறுநாள். அதுவும் தார்ப்பாயை இரண்டு நாள் முன்பே கழற்றிவைக்கும்படி விற்பவரிடம் கேட்ட பிறகு. இதற்கு அவர் மறுத்தால், அதுவே போதுமான பதில்.

வெளிச்சுவர் எந்த வகை என்றும் பாருங்கள். நெளிநெளியான அலுமினியத் தகடு என்றால் உள்ளே மரச்சட்டம். தகடு ஒருபோதும் வீங்காது. பின்னால் எல்லாம் மண்ணாகிப் போயிருந்தாலும் வெளியே பளிச்சென்று நிற்கும். ‘வெளியே பார்க்க நன்றாகவே இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. வழவழப்பான ஃபைபர்கிளாஸ் சுவர் என்றால், அது மெல்லிய பிளைவுட்டின் மேல் ஒட்டப்பட்டது. மூலையில் கன்னத்தை வைத்து, சுவரின் நீளவாக்கில், சாய்ந்த வெயிலில் பாருங்கள். எங்காவது கொப்புளம்போல உப்பியிருந்தால் அடியிலுள்ள பிளைவுட் நனைந்து ஒட்டு விட்டுவிட்டது. அதைக் கையால் தட்டி ஒட்டி நிரந்தரமாகச் சரிசெய்யும் வித்தை இந்தத் தொழிலில் யாரிடமும் கிடையாது. இணையத்தில் நிறையப் பேர் இருப்பதாகச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் தம்பியின் பேச்சுக்கு வருகிறேன். வீடு திருத்துபவர்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் ஒரு சுவர் நனைந்தால் டிரைவால் என்ற உள்சுவர்ப் பலகையை உள்பக்கமிருந்து வெட்டி எடுத்து, சட்டத்தைப் பார்த்து, மாற்றி, பூசிவிடலாம். டிரெய்லர் தொழிற்சாலையில் கட்டும் வரிசையே வேறு. இரும்புச் சட்டத்தின் மேல் தரை, தரையின் மேல் அலமாரியும் கட்டிலும், பிறகு சுவர், பிறகு கூரை, கடைசியில் வெளித்தகடு. தகடு போடுவதற்கு முன்பே, வெளிப்பக்கமிருந்து சுவர்ச்சட்டத்தினூடாக அலமாரிகளுக்கு ஸ்க்ரூ போட்டு முடித்திருப்பார்கள். எனவே முறையாகத் திருத்த வேண்டுமானால் வெளியிலிருந்து தொடங்க வேண்டும்: மூலைப் பட்டை, ஜன்னல், விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, தகட்டைக் கீழிருந்து மேலாக உரித்து, மரத்தை மாற்றி, திரும்பவும் வரிசையாகப் பூட்டி, ஒவ்வொரு துளைக்கும் பியூட்டைல் என்ற நீர் புகாத பசை நாடா வைத்து அடைக்க வேண்டும். உரித்த பிறகுதான் பக்கத்துச் சட்டமும் போயிருப்பது தெரியும். ‘ஒரு மாதம்’ என்பது இரண்டு பேர் வேறு வேலைக்குப் போகாமல், மழை பெய்யாத கொட்டகையில் நின்று செய்தால் நடக்கலாம். வார இறுதிகளில் உங்கள் வீட்டு டிரைவ்வேயில் என்றால், அடுத்த பனிக்காலம் வரும்போது அது பாதி உரித்தபடி நிற்கும். திருத்தும் கடையில் கொடுத்தாலோ, கூரையும் முன்சுவரும் மட்டுமே 6,500 டாலரைத் தாண்டிவிடும்.

ஒரு வேண்டுகோள், இது தம்பிக்கு மட்டும். எந்தக் காலத்திலும் டிரெய்லர் கூரையில் சாதாரண சிலிக்கோன் பூச வேண்டாம். அது காய்ந்த இடத்தில் பிறகு இடுக்கை அடைக்கும் வேறெந்த சீலன்ட்டும் ஒட்டாது. ஒழுகும் கூரைகளில் முந்தைய உரிமையாளர் அன்போடு பூசிய சிலிக்கோனைச் சுரண்டுவதிலேயே எங்கள் நேரம் பாதி போகிறது. பார்க்கப் போகும்போது கூரையில் மூன்று நிறத்தில் மூன்று வகைப் பசை தெரிந்தால், மூன்று முறை ஒழுகி மூன்று முறையும் நிற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈர வாடை, ஆஸ்துமா உள்ள பிள்ளை: இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் படித்த பிறகு மற்றதையெல்லாம் எழுதவே தேவையில்லை என்றுகூடத் தோன்றியது. பூஞ்சணம் தெரிகிற இடத்தைத் துடைத்துவிடலாம். வாடை வருவது தெரியாத இடத்திலிருந்து. எலி சுவர்ப் பஞ்சுக்குள் கூடு கட்டி, அங்கேயே மூத்திரம் பெய்து வாழ்ந்திருக்கும். அந்தப் பஞ்சை எடுக்காமல் வாடை போகாது. பஞ்சை எடுக்கச் சுவரை உரிக்க வேண்டும். ஏழடி அகலமுள்ள ஒரு பெட்டிக்குள், மழை நாளில் ஜன்னல்களை அடைத்துவிட்டு ஐந்து பேர் தூங்கும்போது அந்தப் பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எலி மின்கம்பிகளின் உறையையும் கடித்திருக்கும். அது தனி ஆபத்து.

மீண்டும் பார்க்கப் போனால் பிள்ளைகளை உள்ளே விட வேண்டாம். எலிப்புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கவோ வாக்குவம் பிடிக்கவோ கூடாது. அந்தத் தூசியைச் சுவாசித்தால் தொற்றக்கூடிய ஹான்டா வைரஸ் கனடாவில் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான் காணப்படுகிறது, ஒன்டாரியோவில் அபூர்வம். ஆனாலும் அரை மணி நேரம் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஊறவிட்டுத் துடைப்பதுதான் முறை.

சரி, ஈரமே இல்லாத ஒரு பழைய டிரெய்லர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கடையில் வாங்கி மாற்றக்கூடிய முதல் வகையின் கணக்கு வருகிறது.

டயரில் தொடங்குங்கள். பக்கச் சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது பிறந்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. மேல் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியதை நம்பி 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். வெடித்தால் டயரோடு போகாது. கிழிந்த துண்டு சக்கரக் குழியைப் பிளந்து, மேலே ஓடும் குழாயையும் கம்பியையும் சேர்த்துப் பிய்த்தெறியும். வாங்கிய இடத்திலேயே புது டயர் மாட்டிய பிறகுதான் நகர்த்த வேண்டும்.

அச்சுப் பேரிங்கை வருடம் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் இடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஏழு வருடம் நின்றதில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, எஃகு உருளைகள் ஒரே இடத்தில் துருவேறியிருக்கும். பிரேக் டிரம்மும் அப்படியே. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்கு பிரேக் இருப்பது சட்டம். கொக்கி கழன்று டிரெய்லர் தனியே ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்ச் ஒன்று முன்பக்கத்தில் உண்டு. அது வேலைசெய்ய டிரெய்லரின் சொந்த பேட்டரியில் மின்சாரம் இருக்க வேண்டும். அந்த பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருக்கும்.

புரொப்பேன் சிலிண்டரின் கழுத்தில் தேதி பொறித்திருக்கும். கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்யாவிட்டால் நிரப்பித் தர மாட்டார்கள். உள்ளே வெப்பம் தரும் ஃபர்னஸ், தண்ணீர்ச் சூடாக்கி இரண்டின் எரிகுழாய்களிலும் சிலந்தியும் குளவியும் கூடு கட்டியிருக்கும். காற்று அடைபட்டு எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இந்தப் பகுதியில் உங்கள் கணவரின் கை வேண்டவே வேண்டாம். ஒன்டாரியோவில் எரிவாயு வேலையை டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு, எரிவாயு எச்சரிக்கைக் கருவிகளுக்கும் ஆயுள் சில வருடங்கள்தான். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காகப் பழையதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபிரிட்ஜ் மட்டும் சில நேரம் நம்மை ஆச்சரியப்படுத்தும். அதில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிரை உண்டாக்கும் பழைய முறை. வெளிப்பக்கக் கதவைத் திறந்து பின்னால் பாருங்கள். மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அம்மோனியா வாடை அடித்தாலோ முடிந்தது. புதியதற்கு 2,000 டாலர் அளவில் ஆகும். இல்லையென்றால் டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, முதல் நாளே 120 வோல்ட் மின்சாரத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அது குளிர அரை நாளாவது வேண்டும். நீங்கள் போய் இறங்கிய பிறகு போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது.

தண்ணீர்க் குழாய்களுக்குத் தோட்டத்துக் குழாயை இணைத்துப் பாருங்கள். தண்ணீர் வசதி இல்லையென்றால் காற்றழுத்தியால் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்றை அடைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்கலாம். பனிக்காலத்துக்கு முன் குழாய்கள் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃபிரீஸ் ஊற்றாமல் விட்டிருந்தால் கழிவறையின் வால்வும் பம்பும்தான் முதலில் வெடிக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஃபிரிட்ஜைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், ஐந்து டயர், பேட்டரி, பேரிங் பிரேக் வேலை, சிலிண்டர்கள், எச்சரிக்கைக் கருவிகள், கூரைக்குப் புது சீலன்ட் என்று 2,000 டாலருக்கு மேல் போகும். இது நல்ல டிரெய்லருக்கு ஆகும் செலவு. கேட்கும் விலையோடு இதைக் கூட்டிவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று பேச வேண்டும்.

இனி வாசலில் நிற்கும் வண்டி. 2017 ஹைலேண்டரில் வி6 இன்ஜினும் இழுவை வசதியும் இருந்தால் அது இழுக்கக்கூடிய உச்சம் 5,000 பவுண்டு. அந்தக் காலத்து 24 அடி டிரெய்லர் பெரும்பாலும் காலியாகவே அந்த எண்ணுக்கு அருகில் நிற்கும். அதில் பேட்டரி, இரண்டு சிலிண்டர், பாத்திரம், அரிசி, மெத்தை, ஐந்து பேரின் துணிமணி, சைக்கிள், தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் என்று ஏற்றினால் 6,000 பவுண்டைத் தாண்டிவிடும். டிரெய்லரின் இடது முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். விளம்பரத்தில் வரும் வெற்று எடையை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். கூடவே, டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் உங்கள் வண்டியின் பின்கொக்கியில் இறங்கும். ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கரில் ‘பயணிகளும் சாமானும் சேர்த்து இவ்வளவு’ என்று ஓர் எண் உண்டு. ஐந்து பேரை ஏற்றிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று இன்றே கழித்துப் பாருங்கள்.

லைசென்ஸைப் பொறுத்தவரை சிக்கலில்லை. சாதாரண ஜி வகுப்பிலேயே 4,600 கிலோ வரை இழுக்கலாம். ‘சட்டம் அனுமதிக்கிறதே’ என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். சட்டம் அனுமதிப்பது அவரைத்தான். அந்த ஹைலேண்டரின் கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் அது ஒன்றும் செய்யாது. ஆக, இந்த 6,500 டாலர் டிரெய்லருக்குப் பின்னால் ஒரு பிக்கப் டிரக்கும் மறைந்து நிற்கிறது.

பிறகு என்ன செய்வது? அவசரப்படாதீர்கள் என்பேன். தொற்றுக் காலத்தில் எல்லோரும் டிரெய்லர் வாங்கினார்கள். 2021இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் இந்த வகை வண்டிகள் வெளியே போயின. 2023இல் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்துவிட்டது. அன்று ஆசையாக வாங்கியவர்களில் பலர் இன்று விற்கிறார்கள். சில வருடமே ஆன, கூரையின் கீழ் நிறுத்திவைத்த, 3,500 பவுண்டு மொத்த எடைக்குள் அடங்கும் 17, 18 அடி டிரெய்லர்களைத் தேடுங்கள். விலை கூடத்தான் இருக்கும். அடுக்குக் கட்டில் உள்ள அமைப்புகளில் ஐந்து பேர் படுக்கலாம், நெருக்கித்தான். வாங்க அக்டோபர் நல்ல மாதம். பனிக்காலத்துக்கு நிறுத்த இடமில்லாதவர்கள் அப்போது விலையை இறக்குவார்கள்.

பழையதுதான் வேண்டும் என்று அவர் நின்றால், போலர் என்ற பெயரைச் சொல்லிவையுங்கள். 1968இல் வினிபெக்கில் பிறந்த 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். முட்டையை நீளவாக்கில் வெட்டிய மாதிரி இரண்டு ஓடுகளை அச்சில் வார்த்து, நடுவில் ஒரே ஒரு பொருத்தில் சேர்த்திருப்பார்கள். மரச்சட்டம் இல்லை, மூலைப் பட்டை இல்லை, கூரையும் சுவரும் சந்திக்கும் இடமே இல்லை. அதனால்தான் அரை நூற்றாண்டு கடந்தும் அவை சாலையில் ஓடுகின்றன, வாங்கவும் ஆள் போட்டி போடுகிறது. உங்கள் ஐந்து பேருக்கு அது போதாது என்பது தெரியும். டிரெய்லர் எதனால் சாகிறது என்பதை அவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை உண்டு. விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

இந்தக் கோடை வீணாகிவிடும் என்று பிள்ளைகள் கவலைப்பட்டால், வாடகைக்கு எடுங்கள். உரிமையாளரே டிரெய்லரை முகாமிடத்துக்கு இழுத்து வந்து நிறுத்தித் தரும் ஏற்பாடுகள் ஒன்டாரியோவில் நிறைய உண்டு. ஹைலேண்டர் இழுக்குமா என்ற கேள்வியே அங்கு எழாது. ஒரு வாரம் அதில் இருந்து பார்த்தால் உங்களுக்கு எத்தனை அடி வேண்டும், கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் வேலை யாருடையது என்பதெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு தொடங்குவதால் இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரத்திலுள்ள 17 இலக்க எண்ணும் டிரெய்லரின் இரும்புச் சட்டத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து மாகாணப் பதிவேட்டில் கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடலாம், செலவு சில டாலர்தான். இந்தப் பெரியவரின் டிரெய்லர் அவர் மனைவி பெயரில் இருந்தால், முதலில் அவர் வாரிசு ஆவணங்களோடு சர்வீஸ் ஒன்டாரியோ என்ற மாகாண அரசுச் சேவை நிலையத்துக்குப் போய் மாற்ற வேண்டியிருக்கும். இதையும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த 300 டாலர் முற்பணத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணவர் பின்வாங்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஊகிக்கிறேன். எழுத்தில் ஏதாவது கையெழுத்திட்டாரா என்று பாருங்கள். இல்லையென்றால் போனில் சொல்லாமல் நேரில் போய், தரை அமுங்குவதையும் மூலைக் கறையையும் அந்தப் பெரியவருக்குக் காட்டி, பிள்ளையின் ஆஸ்துமாவையும் சொல்லி, மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் வாதாடாமல் வந்துவிடுங்கள். அவர் ‘சரி, 3,000க்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இறங்கக்கூடும். உங்கள் கணவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போவது அதற்காகத்தான். விலை பாதியானாலும் சுவர் அப்படியேதான் இருக்கும், ஹைலேண்டரும் அப்படியேதான் இருக்கும். வெறும் இரும்புச் சட்டத்துக்காகப் பழைய டிரெய்லர்களை வாங்கிப் பிரித்து, சரக்கு டிரெய்லராக மாற்றுபவர்கள் லின்ட்சே, பீட்டர்பரோ பக்கம் இருப்பார்கள். அப்படி விளம்பரம் செய்து பார்க்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.